நான்கு வழிச்சாலையும் சோடாக் கம்பெனியும்

அன்புள்ள ஐயா,
கல்லூரியில் மையம்–விளிம்பு கோட்பாடு படிக்கிறேன்; வளரும் மையம், அதைச் சார்ந்து பின்தங்கும் விளிம்பு என்று இடங்களைப் பிரித்துப் பார்ப்பது. எங்கள் ஊர் வழியாக நான்கு வழிச்சாலை வருகிறது. இனி மதுரை முக்கால் மணி நேரம்தான். என்றுமே டெல்லியின் விளிம்பாகக் கிடக்கும் நாங்கள் இனியாவது மீள்வோமா? எந்தப் புத்தகம் வாசிக்கலாம்?
ச.

அன்புள்ள ச.,

புத்தகப் பட்டியலை உன் பேராசிரியரிடம் கேள். சாலை என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் பதில்.

என் சிறுவயதில் எங்கள் ஊருக்கு நாளைக்கு இரண்டே பஸ். மழை பெய்தால் அதுவும் இல்லை. அதனாலேயே ஊரில் ஒரு சோடாக் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஓலைச் சாய்ப்பு, கையால் சுற்றும் இயந்திரம், பாட்டில் வெடிக்கும் என்று கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்ட மாமா. அப்படியும் அவர் புருவத்தில் கண்ணாடி கிழித்த தழும்பு உண்டு. தார்ச்சாலை போட்ட அன்று ஊருக்கே இலவசமாகக் கோலி சோடா கொடுத்தார். இரண்டே வருடம். அதே சாலையில் மதுரையிலிருந்து குளிர்பான லாரி வந்தது. சாய்ப்பு சைக்கிள் ஸ்டாண்டாயிற்று; மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் 1991இல் கணக்குப் போட்டுக் காட்டியதும் ஏறக்குறைய இதுதான். சரக்கு அனுப்பும் செலவு அதிகமாக இருக்கும்வரை ஊருக்கு ஊர் தொழில் பிழைக்கும். குறைந்தால், பெரிய சந்தைக்குப் பக்கத்தில் ஒரே ஆலை வைத்து எல்லா ஊருக்கும் அனுப்புவதே லாபம். தூரம் ஒரு வேலி, பெண்ணே.

டெல்லியின் விளிம்பு என்கிறாய். மேடையில் கைதட்டு விழும். படிக்கிற பிள்ளை யோசிக்காமல் எழுதலாமா? 1950களில் மத்திய அரசு இரும்புக்குச் சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தியது. ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலை வாசலிலும் சென்னையிலும் ஒரே விலை. 1990களின் தொடக்கம் வரை இதே கதை. ஜாம்ஷெட்பூர் இருந்த அன்றைய பீகாருக்கு, சுரங்கம் பக்கத்தில் இருந்தும் அதனால் அனுகூலமில்லை. பருத்திக்கோ அந்தச் சமக் கட்டணம் இல்லை; அதைப் பீகார்க்காரர்கள் தூரத்துக்கான கூலி கொடுத்தே வாங்கினார்கள். அந்த எஃகை வாங்கிப் பட்டறை போட்டவர்களில் நாமும் உண்டு. இன்று அங்கிருந்து சித்தாள் வேலைக்கு வருகிறவனை ஏளனமாகப் பார்க்கிறோம். விளிம்பு யார் என்று இப்போது சொல்.

சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுராத்திரியில் பிரசவ வலி கண்டவளுக்கு அந்த முக்கால் மணி நேரம் பெரிது. சாலை திறந்தபின் உங்கள் கடைத்தெருவில் முதலில் எந்தக் கடை மூடுகிறது என்று பார்த்து எனக்கு எழுது.