கொரோனா ஊரடங்கு எல்லாருக்கும் பொதுதானே, அதில் வன்முறை எங்கிருந்து வந்தது?

அடித்தால்தான் வன்முறை என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. நார்வே சமூகவியலாளர் யோஹான் கால்டுங் 1969-லேயே 'கட்டமைப்பு வன்முறை' என்று ஒன்றைச் சொன்னார்: யாரும் கை ஓங்க வேண்டாம், சமூகம் அமைந்திருக்கும் விதமே சிலரைச் சாகடிக்கும், அதுவும் தவிர்த்திருக்கக்கூடிய சாவாக இருக்கும்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் நாடே மூடல். நான்கு மணி நேரம்தான். மாதச் சம்பளக்காரர் மளிகைக் கடைக்கு ஓடினார். சரி, தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? வேலை போச்சு, வாடகை நிற்கவில்லை, ரேஷன் கார்டோ பெரும்பாலும் சொந்த ஊரில். ரயிலும் பஸ்ஸும் கிடையாது. நடந்தார்கள்.

மே 8 விடிகாலை, மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் அருகே, ஜால்னா இரும்பு ஆலையிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பிய தொழிலாளர்கள் ரயில் ஓடாது என்று நம்பி தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கிவிட, சரக்கு ரயில் ஏறி 16 பேர் செத்தார்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை இன்றும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. இதை வெறும் விபத்து என்று எழுதி மூடிவிட எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். அடிக்கும் கணவனோடு அடைபட்ட பெண்ணுக்கு 'வீட்டிலேயே இருங்கள்' என்பது பாதுகாப்பே இல்லை.

அப்புறம், வேறு மாநிலத்துக்கு வேலைக்குக் கூட்டிப்போகும் புலம்பெயர் தொழிலாளர்களின் விவரங்களை ஒப்பந்ததாரர்கள் அரசிடம் தரச் சொல்லும் சட்டம் 1979-லேயே வந்துவிட்டது. ஆனால் 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கே இல்லை என்றது ஒன்றிய அரசு.