மாமியாரிடம் கேட்டீர்களா?

கேள்வி: வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் தொடங்க உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். எங்கள் பகுதியில் ஒருவர் ஆறு குழந்தைகள் வரை பார்த்துக்கொள்ளலாம். ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள், இருவர் கைக்குழந்தைகள். எனக்கும் மூன்று வயதில் மகள் இருக்கிறாள். மாலையில் பெரியவனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் அரைமணி நேரம் மட்டும் மாமியார் பார்த்துக்கொள்வார். முழங்கால் வலிதான், மற்றபடி தெம்பானவர். சோதனைக்கு வருகிறவர்கள் அறையில் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

பதில்: அறை கிடக்கட்டும். ‘அரைமணி நேரம் மட்டும்’ என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, சிக்கல் அங்கேதான். நீங்கள் வாசலைத் தாண்டியதும் காப்பகத்தை நடத்துவது மாமியார். உரிமமோ உங்கள் பெயரில். பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பவர் யாரானாலும் காவல்துறைச் சரிபார்ப்பும் முதலுதவிப் பயிற்சியும் பெரும்பாலான இடங்களில் கட்டாயம். அடுப்படியில் புகை கிளம்பினால், முழங்கால் வலிக்காரர் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மற்ற ஐந்து பேரை எப்படி வெளியே கொண்டுவருவார்? ஆம், ஐந்துதான், உங்கள் மகளையும் எண்ணினேன். பள்ளிக்குப் போகாத சொந்தப் பிள்ளையையும் அதிகாரிகள் பொதுவாகக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆக, வெளிப்பிள்ளைகள் ஐந்து பேர்தான். கைக்குழந்தைகளுக்குத் தனி வரம்பும் இருக்கும், கேளுங்கள்.

மாமியாரின் சம்மதம் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பேரனைப் பார்ப்பது பாட்டியின் பாசம். ஊரார் பிள்ளைகளைப் பார்ப்பது வேலை. அதைச் சம்பளமில்லாமல் வயதானவர் தலையில் கட்டுவது அநியாயம். உங்கள் கணவர் கடிதத்திலேயே இல்லையே! மகனைக் கூட்டிவருவது அவருக்கும் கடமைதான். அவரால் முடியாதென்றால், பயிற்சி பெற்ற உதவியாளரைப் பதிவுசெய்து சம்பளத்துக்கு வையுங்கள்.

மாமியார் பிள்ளைகளைப் பார்க்காவிட்டாலும், அதே வீட்டில் வசிப்பதால் அவர் பெயரும் கணவர் பெயரும் விண்ணப்பத்தில் வரவேண்டியிருக்கும். மாமியாரின் மாத்திரைகளையும் கவனியுங்கள். கிழமைவாரியாகப் பிரித்த டப்பாவை இரண்டு வயதுப் பிள்ளையே நெம்பித் திறந்துவிடும். பூட்டிய அலமாரியில், உயரத்தில் வையுங்கள். காது கேட்கும் கருவி இருந்தால் அதன் பொத்தான் பேட்டரிகளும் அங்கேயே. தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.

அறையில் பார்ப்பது: கைக்குழந்தைக்குத் தனித் தொட்டில், கெட்டியான சமதள மெத்தை. மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. புகை எச்சரிக்கைக் கருவி, தீயணைப்பான், வெளியேற இரண்டு வழி. யார் எத்தனை மணிக்கு விட்டார், எடுத்தார் என்ற கையெழுத்துப் பதிவேடு. வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம். சாதாரண வீட்டுக் காப்பீடு இந்தத் தொழிலுக்குப் பெரும்பாலும் செல்லாது, தனியாக எடுங்கள்.

சொல்லாமல் வரும் சோதனை நீங்கள் பள்ளி வாசலில் நிற்கும் நேரத்திலும் வரலாம். அந்த அரைமணிக்கு ஆள் முடிவாகும்வரை விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.