மூன்று வாரமும் ஒரு மேசையும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் டிசம்பர் பரீட்சையைக் குளிர்கால விடுமுறைக்குப் பிறகு, ஜனவரி நடுவில் வைக்கப் போகிறார்களாம். படிக்க மூன்று வாரம் கூடுதலாகக் கிடைக்குமாம். நல்லதுதானே?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: குளிர்காலமா? அம்மா, அந்தச் சொல் உங்களுடையதாக இருக்காது, அறிவித்தலில் இருந்ததை அப்படியே எழுதியிருப்பீர்கள். டிசம்பரில் இலங்கையில் நமக்கு வருவது வடகீழ்ப் பருவமழை, பதுளைப் பக்கத்துச் சரிவுகளில் அது விடாமல் கொட்டும். நுவரெலியாவில் விடியற்காலைப் புல்லில் துகள் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுகிற குளிர் ஜனவரி, பெப்ரவரியில்தான் வரும், அப்போது யாரும் லீவு தருவதில்லை. ஏப்ரலில் இதே நுவரெலியாவுக்கு 'வசந்தகாலம்' என்று இன்னொரு பெயர், கீழே வெக்கை தாங்காமல் துரைமார் மலையேறி வந்த காலத்து வழக்கம், குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் இன்றும் நடக்கின்றன, அந்த சீசனிலும் நம் பெண்கள் கூடையோடு மலையில்தான் நிற்கிறார்கள். நம் பருவங்களுக்கு யார் யாரோ பெயர் வைக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

சரி, பரீட்சைக்கு வருவோம். எனக்கு இதில் சம்மதமில்லை. விடுமுறை என்றதும் விடுதியைப் பூட்டுவார்கள், நூலகமும் மூடிவிடும், பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வரவேண்டும். நான் படித்த காலத்திலும் ஒரு முறை இப்படித்தான் தள்ளினார்கள். எங்கள் காம்பராவில், அந்த லயத்து அறையில், ஏழு பேர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கை விரித்து, காலையில் ஆட்கள் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்வரை கொஞ்சம், அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்தபின் இருட்டும்வரை கொஞ்சம், அவ்வளவுதான் என் மூன்று வாரம். கொழும்பு நண்பன் அதே நாட்களில் பாடம் முழுவதையும் இரண்டு தடவை படித்து முடித்திருந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் அவன் வீட்டில் மேசை இருந்தது. எனக்கு இரண்டு பாடம் ரிபீட்.

பல்கலைக்கழக அனுமதியில் வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்று 5 சதவீத இடம் ஒதுக்குகிறார்கள், நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உள்ளே எடுக்கும்போது தெரிகிற அந்த வசதிக் குறைவு பரீட்சைத் திகதி போடும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது? ஜனவரி நடுவில் என்றால் தைப்பொங்கலும் போய்விடும், 14 அல்லது 15ஆம் திகதி பிள்ளை பானைக்குப் பக்கத்தில் நிற்பாளா, பரீட்சை மண்டபத்தில் இருப்பாளா?

இயற்கை அழித்தால் அது வேறு. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்து மலைப்பாதைகளும் ரயில் பாதையும் சரிந்து உயர்தரப் பரீட்சையே பாதியில் நின்றது, அந்த மாதிரி வேளையில் தள்ளித்தான் ஆகவேண்டும். அட்டவணை போடுகிறவர்களின் வசதிக்காகத் தள்ளுவதை அதோடு சேர்க்கக் கூடாது.

முடிவாகுமுன் உபவேந்தருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், தனியாக வேண்டாம், தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து. பரீட்சையை விடுமுறைக்கு முன்பே வையுங்கள், முடியாவிட்டால் அந்த மூன்று வாரமும் விடுதியையும் நூலகத்தையும் திறந்து வையுங்கள் என்று கேட்கட்டும். இரண்டும் நடக்காவிட்டால், தோட்டப் பாடசாலை அதிபரை நீங்களே போய்ப் பாருங்கள். பள்ளிக்கூட லீவில் வகுப்பறை சும்மாதான் கிடக்கும், அங்கே மேசையும் இருக்கும், சாவி கேளுங்கள்.