22 அடிப் பாய்ப்படகுக்கு டேக்ரானா, லேமினேட்டா?

தூத்துக்குடியில் 22 அடிப் படகு வைத்திருக்கிறீர்கள், லீவு நாளில் மணப்பாடு, உவரி வரை ஓட்டுகிறீர்கள், புதுப் பாய்க்கு டேக்ரான் துணி எடுப்பதா லேமினேட் துணி எடுப்பதா என்பது கேள்வி. டேக்ரான் எடுங்கள். நம் கரையில் காற்று கிழித்த பாயைவிட வெயில் தின்ற பாய்தான் அதிகம்.

எனக்கு ஊர் உவரி. தாத்தாவின் வள்ளத்தில் பருத்திப் பாய்தான். பூஞ்சை பிடிக்காமலிருக்க மரப்பட்டை காய்ச்சிய சாயத்தில் முக்கி எடுப்பார். "ஏலே, பாய் காஞ்சிட்டான்னு பாத்துட்டு வந்து சோத்துல கைய வைய்யி" என்பார். டேக்ரான் பாலியெஸ்டர் நெசவு, ஈரத்தில் மக்காது. லேமினேட்டோ நூலையும் பிளாஸ்டிக் படலத்தையும் ஒட்டிச் செய்வது. பாயின் வடிவம் அதில் நன்றாக நிற்கும், பந்தயக்காரர்களுக்குச் சரி. ஆனால் மடங்கி மடங்கி உப்பீரத்தில் கிடந்தால் படலம் உரியும், இடையில் கறுப்புப் பூஞ்சை புகும். நைலான் இழுபடும், பின்காற்றுக்கான பலூன் பாய்க்கு மட்டும்தான் அது.

கனம் 5 முதல் 6 அவுன்ஸ் போதும். பாய் தைப்பவர்கள் சொல்லும் அவுன்ஸ் 36 அங்குலத்துக்கு 28.5 அங்குலத் துண்டின் எடை, முழுச் சதுர கெஜத்துக்கு அல்ல. 6 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 257 கிராம். கிராமில் கேட்டால் ஏமாறமாட்டீர்கள். ஆடிக் காற்றை நினைத்துக் கனத்த துணி எடுக்காதீர்கள், இளங்காற்றில் அது விரியாமல் விறைத்து நிற்கும். அதற்குப் பதில் பாயைச் சுருக்கிக் கட்ட இரண்டு வரிசை ரீஃப் வைக்கச் சொல்லுங்கள்.

கடையில் ஒரு துண்டு வாங்கிக் கையில் நன்றாகக் கசக்கி, பிறகு மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள். மலிவான துணி என்றால் மேலே போட்ட பசை நொறுங்கி, வேட்டி மாதிரி துவண்டு இழுபடும். நெருங்கிய நெசவு அப்போதும் அவ்வளவாக இளகாது.

நான் பட்டது வேறு. நல்ல துணியில்தான் முன்பாய் தைத்தேன். சுருட்டியபடியே இரண்டு கோடை திறந்த வெயிலில் விட்டேன். விரித்தபோது ஓரத் தையல் பொலபொலவென்று விட்டுப்போனது. வெளிச்சுற்றுத் துணியில் விரலை வைத்தேன், அப்பளமாகப் பொத்துக்கொண்டது. உள்சுற்று புதிது போலவே இருந்தது! ஆகவே வெயில் தாங்கும் நூலால் தைக்கச் சொல்லுங்கள். முன்பாயின் ஓரத்தில், சுருட்டும்போது வெளியே நின்று வெயிலை வாங்கிக்கொள்ளும் துணிப்பட்டை, பெரிய பாய்க்கு உறை, இரண்டையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவன்தான் நான்.