கட்டம் போட்ட ஸ்கார்ஃப்: விலை குறைந்ததில் நல்லதைக் கண்டுகொள்வது எப்படி? (கேள்வி பதில்)

துணித் தரப் பரிசோதனையில் நெடுநாள் கழித்தவன் என்பதால், விலை குறைந்த கட்டம் போட்ட ஸ்கார்ஃப், டை, தொப்பி, பை ஆகியவற்றைப் பற்றி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. மீண்டும் மீண்டும் வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோணலையும் இழுவையையும் வெற்றுத் துணி எளிதில் மறைத்துவிடும். கட்டம் போட்ட துணியால் அது முடியாது, ஏனெனில் தன்னை அளக்கும் நேர்கோடுகளைத் தன் மேலேயே சுமந்துகொண்டு வருகிறது. குறைந்த விலையில் வாங்குகிறவருக்கு இது பெரிய உதவி.

கேள்வி: ஒரே மாதிரிக் கட்டம், ஒரே நிறங்கள், ஆனால் ஒரு ஸ்கார்ஃபின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு. பார்வைக்கு வேறுபாடு தெரியவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் துணியைப் புரட்டிப் பாருங்கள். சாயமேற்றிய நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்து உண்டாக்கிய கட்டமா, நெய்த வெள்ளைத் துணியின் மேல் அச்சடித்த கட்டமா என்பதுதான் விலை வேறுபாட்டுக்கு முதற்காரணமாக இருக்கும். அச்சடித்த துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். துணி மெல்லியதாக இருந்து சாயம் மறுபுறம் வரை ஊறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடலாம் என்பதால், ஓரத்தில் பிசிறாக நிற்கும் ஒரு நூலை மெல்ல உருவிப் பாருங்கள். நெய்த கட்டத்தில் அந்த நூல் முழு நீளத்துக்கும் ஒரே நிறமாக இருக்கும். அச்சுக் கட்டத்தில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மாறி மாறி வரும்.

நூலை உருவக் கடைக்காரர் விடமாட்டார் என்றால், இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தைக் கண்ணருகே கொண்டு சென்று பாருங்கள். சிவப்புப் பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) வெள்ளை ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) சந்திக்கும் இடத்தில் இளஞ்சிவப்பு என்று ஒரு தனிச் சாயம் கிடையாது. சிவப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் நெருங்கி நின்று அப்படித் தோற்றம் காட்டுகின்றன. டார்ட்டன் எனப்படும் ஸ்காட்லாந்துப் பலநிறக் கட்ட வகைகளில் இந்தப் புள்ளிகள் சாய்வான வரிகளாக ஓடும், ஏனெனில் அவை ட்வில் என்னும் சாய்வரி நெசவில் நெய்யப்படுகின்றன. அச்சில் அந்த இடம் தட்டையான ஒரே பூச்சாக இருக்கும். குஞ்சமும் சாட்சி சொல்லும். நெய்த ஸ்கார்ஃபில் பாவு நூல்களே வெளியே நீண்டு குஞ்சமாவதால், துணியிலுள்ள வரிகளின் நிற வரிசை குஞ்சத்திலும் அப்படியே தொடரும். தனியாகச் செய்து ஒட்டுத்தையல் போட்ட குஞ்சத்தில் இந்தத் தொடர்ச்சி இராது.

அச்சுக் கட்டம் என்றாலே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மெல்லிய சதுர ஸ்கார்ஃபுக்கு அச்சே பொருத்தமாக இருக்கலாம். அச்சடித்ததை நெய்ததன் விலைக்கு விற்பதுதான் தவறு.

அடுத்து நேர்த்தி. ஸ்கார்ஃபை நீளவாக்கில் இரண்டாக மடித்து, குறுக்குக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். இறுதிப் பதனிடலில் துணியை இழுத்துக் காயவைக்கும்போது குறுக்குக் கோடுகள் வில்லாக வளைவதும், ஒரு பக்கமாகச் சாய்வதும் உண்டு. ஒரு மீட்டர் அகலத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கோடு விலகினால் நான் அதைத் திரும்ப வைத்துவிடுவேன். அச்சுத் துணியில் இன்னொரு கோளாறும் உண்டு: கோடுகள் தமக்குள் நேராகவே இருக்கும், ஆனால் நூலோட்டத்துக்குச் சாய்வாக அச்சாகியிருக்கும். அத்தகைய ஸ்கார்ஃபை எப்படி இழுத்துவிட்டாலும் கழுத்தில் கோணலாகவே தொங்கும். இஸ்திரி போட்டும் பயனில்லை.

கேள்வி: கடையில் பூப்போல மென்மையாக இருந்தது. இரண்டு முறை துவைத்த பிறகு சொரசொரப்பாகி, சின்னச் சின்ன உருண்டைகள் வந்துவிட்டன. லேபிளில் அக்ரிலிக் என்று இருந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்வதைவிட, கடைக்கு வருகிறவரின் கையை நோக்கியே செய்யப்பட்ட துணி என்று சொல்லலாம். நெய்து முடித்ததும் துணியின் மேற்பரப்பைக் கம்பித் தூரிகையால் கோதி மயிர் எழுப்புவார்கள். அதன்மேல் மென்மையூட்டும் இரசாயனம் ஏற்றுவார்கள். இரசாயனத்தில் ஒரு பகுதி துவையலில் போய்விடுகிறது. எழும்பி நிற்கும் இழைகளோ உராய்ந்து, ஒன்றோடொன்று பின்னி உருண்டைகளாகின்றன. கம்பளியிலும் உருண்டை வரும், ஆனால் இழை வலுக்குறைந்தது என்பதால் நாளடைவில் பல உருண்டைகள் அறுந்து தாமே உதிர்ந்துவிடும். அக்ரிலிக், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகள் வலுவானவை. உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே கடையில் மென்மையைத் தடவிப் பார்த்து மதிப்பிடாதீர்கள். ஒரு மூலையை இரு விரல்களுக்கிடையே வைத்து இருபது முறை தேய்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். அதற்குள்ளாகவே இழைகள் திரளத் தொடங்கினால் அந்தத் துணி ஒரு பருவத்தைக்கூடத் தாண்டாது. கேஷ்மியர் போன்றது, கேஷ்மியர் உணர்வு தருவது என்ற சொற்கள் லேபிளில் இருந்தால், அதில் கேஷ்மியர் என்னும் மிக மென்மையான ஆட்டு மயிர் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டத்தின்படி கேஷ்மியர் என்று சொல்வதற்கு இழையின் சராசரித் தடிமன் 19 மைக்ரானைத் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டக் கூடாது. உணர்வுக்கு அப்படி ஒரு வரையறை எங்கும் கிடையாது. வந்துவிட்ட உருண்டைகளைக் கையால் பிடுங்கினால் அடுத்த இழை வெளியே இழுபட்டு வந்து மறுபடியும் உருளும். துணி மழிக்கும் சிறு கருவியால் மேலோட்டமாக நீக்குங்கள்.

கேள்வி: கம்பளி ஸ்கார்ஃப் கழுத்தை அரிக்கிறது. எனக்குக் கம்பளி ஒவ்வாது என்று விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது ஒவ்வாமையன்று. தடித்த இழைகளின் முனை தோலைக் குத்துவதுதான். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் சிறிதளவு கலந்திருந்தாலும் கழுத்து கண்டுபிடித்துவிடும். மெரினோ என்னும் செம்மறி ஆட்டு வகையின் இழை இதைவிட மெல்லியது என்பதால் பலருக்கு உறுத்துவதில்லை. உள்ளங்கையின் தோல் தடித்தது. அதன் தீர்ப்பை நம்பாமல், துணியைக் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: அரிப்புக்குக் காரணம் துணியாக இல்லாமல், விறைப்பான லேபிளும் அதைத் தைத்த நைலான் நூலுமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தையலைப் பிரித்து லேபிளை எடுத்து, துவைக்கும் குறிப்புக்காகப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: நூலை எரித்துப் பார்த்தால் இழை இன்னதென்று தெரிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: ஓரளவுக்குத் தெரியும். பருத்தியும், மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸும் காகிதம் எரிகிற மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியோ, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணியாக உறையும். கலப்பு நூலில் இந்த அடையாளங்கள் எல்லாம் குழம்பிவிடும். வாங்கிய பிறகு, ஒரே ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து மட்டுமே செய்யுங்கள். உருகிச் சொட்டும் துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

கேள்வி: சிவப்பும் வெள்ளையுமான கட்டம் முதல் துவையலிலேயே இளஞ்சிவப்பாகிவிட்டது. உப்பு நீரில் ஊறவைத்திருந்தால் தப்பியிருக்குமா?

பதில்: தப்பியிருக்காது. உப்பும் வினிகரும் சில சாயங்களைத் துணியில் ஏற்றும் வேளையில் உதவுபவை. சாயம் ஒழுங்காகப் பிடிக்காமலும், மிச்சச் சாயத்தை அலசி நீக்காமலும் வெளிவந்த துணியை வீட்டு உப்பால் திருத்த முடியாது. அடர்நிறமும் வெளிர்நிறமும் அடுத்தடுத்து நிற்கும் கட்டத் துணியில்தான் இந்தக் குறை மிகுதியாக உறுத்தும். கருநீலத்தில் கருநீலம் கசிந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

வாங்குமுன் வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்து, மிக அடர்ந்த நிறத்தின் மேல் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஆய்வுக்கூடங்களிலும் ஏறக்குறைய இதையேதான், அளந்த அழுத்தத்தோடு செய்கிறார்கள். துவையலுக்கும் உராய்வுக்கும் சாயம் தாங்கும் தன்மையை 1 முதல் 5 வரையும், வெளிச்சத்துக்குத் தாங்குவதை 1 முதல் 8 வரையும் மதிப்பிடுகிறார்கள். கைக்குட்டையில் தெளிவான கறை விழுந்தால் வாங்க வேண்டாம். இலேசான சாயல் மட்டும் என்றால் குளிர்ந்த நீரில் தனியாக, விரைவாகத் துவைத்து, உடனே விரித்துக் காயப்போடலாம். ஈரத்தோடு சுருட்டி வைப்பதுதான் பெருங்கேடு. ஒரு மடிப்பின் சிவப்பு அடுத்த மடிப்பின் வெள்ளையில் இறங்குவதற்கு அதைவிட வசதி வேறில்லை.

கேள்வி: வெப்பமும் புழுக்கமும் உள்ள நாட்களில் எந்த இழை நல்லது?

பதில்: மெல்லிய பருத்தி. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 7 அல்லது 8 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. விஸ்கோஸும் குளுமையாக இருக்கும், ஆனால் நனைந்தால் அதன் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால் முறுக்கிப் பிழியக் கூடாது.

கேள்வி: நான் உயரம் குறைந்தவள், முகமும் சிறியது. பெரிய கட்டம் எனக்கு எடுபடுமா? கட்டம் போட்ட சட்டையோடு அணியலாமா?

பதில்: கட்டத்தின் அளவைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள், அணியும்போது எவ்வளவு கட்டம் வெளியே தெரியும் என்பதை நினைப்பதில்லை. ஒரு முழு வடிவம் திரும்ப வருவதற்கு 20 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் டார்ட்டனை 12 சென்டிமீட்டர் பட்டையாக மடித்துக் கழுத்தில் சுற்றினால், உங்களைக் கவர்ந்த அந்தச் சிவப்புக் கோடு மடிப்புக்குள் போய்விடலாம். எஞ்சுவது வெறும் பச்சைப் பட்டையாக இருக்கலாம். ஆகவே விரித்து வைத்து ரசிக்காமல், நீங்கள் வழக்கமாகக் கட்டும் விதத்தில் கட்டி, கண்ணாடியிலிருந்து மூன்றடி பின்னே நின்று பாருங்கள். மிகச் சிறிய கட்டங்கள் அந்தத் தூரத்திலேயே ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமாகத் தோன்றத் தொடங்கும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சிறு ஹவுண்ட்ஸ்டூத் (நாய்ப்பல் போல முனை நீண்ட கட்டம்) சற்றே தள்ளி நின்றால் சாம்பல்தான்.

சிறிய முகத்துக்குப் பெரிய கட்டம் கூடவே கூடாது என்ற விதியை நான் ஏற்பதில்லை. முகத்தை அமுக்குவது பெரும்பாலும் கட்டத்தின் அளவு அன்று, நிறங்களின் முரண். ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களாலான பெரிய கட்டம் அடக்கமாகவே இருக்கும். கட்டத்தோடு கட்டம் அணிவதென்றால் ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்காவது பெரியதாக இருக்கட்டும். ஏறக்குறைய ஒரே அளவானால் கண் கூசும்.

கேள்வி: புகழ்பெற்ற அந்த ஒட்டக நிறக் கட்டத்தைப் போன்றவை எங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. அணிவதில் தவறு உண்டா?

பதில்: ஒட்டக நிறத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஓடும் அந்தக் கட்டம் 1920-களில் பர்பெரி நிறுவனத்தின் மழைக் கோட்டு உட்துணியாக வந்தது, இன்று அதன் வணிகக் குறி. கட்டம் என்பது பொதுச்சொத்துத்தான், ஆனால் குறிப்பிட்ட நிற வரிசை உரிமைப்பட்டதாக இருக்கலாம். சட்டத்தை விடுங்கள், தர ஆய்வாளனாக எனக்கு வேறொரு காரணம் போதும்: நிறுவனத்தின் பெயரையே பொய்யாகப் போடுகிறவர் இழையின் பெயரை மட்டும் உண்மையாகப் போடுவார் என்று நான் எதை வைத்து நம்புவது? நூறு விழுக்காடு கம்பளி என்று எழுதிய போலி ஒன்று என் கையில் உருகி மணியானது. அதே விலைக்குப் பெயரில்லாத நல்ல கட்டங்கள் எத்தனையோ உண்டு.

கேள்வி: டை, தொப்பி, பை ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தையலோரங்களில் கட்டம் பொருந்துகிறதா என்பதை. பொருத்தித் தைக்கக் கூடுதல் துணி வீணாகும். செலவைச் சுருக்குகிறவர் முதலில் கைவைப்பது அங்கேதான். பையின் முன்பக்கமும் பக்கவாட்டும் சேரும் இடத்தில் கோடுகள் அரை சென்டிமீட்டர் விலகினால் பொறுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்தின் நடுவிலேயே விலகினால் வேண்டாம். தொப்பியின் உச்சி வளைவானது, அங்கே எல்லாத் துண்டுகளும் பொருந்த வாய்ப்பில்லை. முன்மடலின் நடுக்கோடு நெற்றிக்கு நேராக இருந்தால் போதும்.

டையை 45 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். அப்போதுதான் முடிச்சு நெகிழ்ந்து விழும். குறுகிய முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். முறுக்கிக்கொண்டு சுழன்றால் வெட்டு கோணலாகியிருக்கிறது. செயற்கைத் தோல் கலந்த பையில் கைப்பிடியின் மடிப்பை மடக்கிப் பாருங்கள். மேற்பூச்சில் இப்போதே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். கட்டம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: வாங்கிய ஸ்கார்ஃபின் குஞ்சம் வெட்டிவிட்ட நூலாகவே நிற்கிறது, ஓரம் பிரிந்துகொண்டே போகிறது. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு, ஒரு மாலைப்பொழுது போதும். முதலில் துணியின் விளிம்பிலுள்ள கடைசி ஊடை நூல் முழு அகலத்துக்கும் நேராக வரும்வரை பிரிந்த நூல்களை எடுத்துவிடுங்கள். பிறகு பாவு நூல்களைச் சமமான சிறு கற்றைகளாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டு கற்றைகளை ஒரே திசையில் தனித்தனியே நன்றாக முறுக்கி, அவற்றைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கி, நுனியில் முடிச்சிடுங்கள். இரு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நூல்களை ஒரு கற்றையாக எடுப்பது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கட்டத்தின் வரிகளே பங்கு பிரித்துக் காட்டும்.