நாலு கம்பி: பேஸ் கிட்டார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எதை வாங்கலாம்?" ரகம். சிலருக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரர்கள் மன்னிக்கவும்.

அண்ணா, சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். பேஸ் வாசித்த அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதால் இப்போது பேஸை என் தலையில் கட்டிவிட்டார்கள். பேஸ் ஆம்ப் கிடையாது. என் கிட்டார் ஆம்பிலேயே சொருகி வாசிக்கலாமா? (திருநெல்வேலி)

வீட்டில், குறைந்த சத்தத்தில், பயிற்சிக்கு என்றால் தாராளமாக வாசிக்கலாம். ஆராதனைக்கு வேண்டாம் தம்பி. கிட்டாரின் தடித்த ஈ கம்பி நொடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸின் ஈ கம்பி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 தடவை. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கரை அவ்வளவு கீழே இறங்கச் சொல்லி யாரும் செய்யவில்லை. பேஸைச் சொருகி வால்யூமை ஏற்றினால் கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் ஆடும். முதலில் சத்தம் கிழியும், அப்புறம் கோனே கிழியும்.

அதற்காகப் புது ஆம்ப் கேட்டுக் கமிட்டியிடம் மனு கொடுக்க வேண்டாம். பேஸுக்கும் சர்ச் மிக்சருக்கும் நடுவே வைக்கிற டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று போதும். பேட்டரி இல்லாத சாதாரண பேஸின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்), எதிர்ப் பக்கம் ஏறத்தாழ 1 மெகா ஓம் மின்தடை இருந்தால்தான் அதன் குரல் முழுசாக வெளியே வரும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் இருப்பதோ சில பத்தாயிரம் ஓம்கள்தான். நேராகச் சொருகினால் மேல் ஒலியெல்லாம் அமுங்கி, கம்பளியைப் போர்த்திய மாதிரி கேட்கும். "பேஸ் சரியில்லை" என்று அதற்குள் பேஸையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். டிஐ பாக்ஸ் இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்து, சிக்னலை மைக் கேபிள் வழியாக நீண்ட தூரம் இரைச்சல் இல்லாமல் அனுப்பும். மின்சாரத்தில் ஓடும் ஆக்டிவ் வகை வாங்கினால், மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் மிக்சரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பேட்டரி போடுங்கள்.

'உம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தால், பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். யாராவது பவர் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். மைக்கில் உதடு பட்டு ஷாக் அடிக்கிற மேடைகளில் பாதி, அப்படி உடைத்த பின்னின் உபயம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிட்டாரிலிருந்து வருகிறவர்கள் எல்லா இடைவெளியையும் நிரப்பப் பார்ப்பார்கள். முதல் ஒரு மாதம் டிரம்ஸின் கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மட்டும் கேட்டு அதோடு சேர்ந்து அடியுங்கள். ஒரு ஸ்வரத்தை எப்போது தொடங்குகிறீர்கள் என்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதும் அவ்வளவு முக்கியம். இடது கை விரலை லேசாகத் தளர்த்தினால் கம்பி அடங்கிவிடும். ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) விழுகிற இடத்தில் அப்படி அடக்கிப் பாருங்கள், பாட்டு நிமிர்ந்து உட்காரும்.

இளையராஜா பாடல்களின் பேஸ் பற்றி எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே கேட்பதில்லையே, காதில் கோளாறா? (கும்பகோணம்)

காதில் இல்லை, மொபைலில். அதன் ஸ்பீக்கர் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. நாலு கம்பி பேஸில் 12-வது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) வரை எங்கே அழுத்தினாலும் அந்த ஸ்வரத்தின் அடிப்படை அதிர்வு 196 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அதாவது பேஸ் வாசிக்கிறவர் வேலை செய்கிற ஊரே அந்த ஸ்பீக்கரின் வரைபடத்தில் இல்லை. மேலே ஒலிக்கும் கிளை ஒலிகளை வைத்து மூளை ஓரளவு ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒரு சுமாரான ஹெட்போன் மாட்டிக்கொண்டு, 1980-ல் வந்த மூடுபனி படத்தின் 'என் இனிய பொன் நிலாவே', 1982-ன் நினைவெல்லாம் நித்யா படத்தில் 'பனிவிழும் மலர்வனம்' இரண்டையும் கேளுங்கள். பாடகரை வேண்டுமென்றே விட்டுவிட்டுக் கீழே மட்டும் காதை வையுங்கள். வழக்கமாக பேஸ், கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஆதார ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ராஜாவிடம் அது நிற்பதில்லை. குரல் மேலே போகும்போது இது இறங்கும், குரல் மூச்சு வாங்கும் இடத்தில் இது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும். பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்டாஃப் நோட்டேஷனில் தனியாக எழுதிக் கொடுப்பவர் என்பதால், பேஸும் தற்செயலாக விழுந்ததல்ல. அவருக்கு நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் கை, எழுதியதை உயிரோடு கொண்டுவந்த கை. ரஹ்மான் பாடல்களுக்குப் போனால் கீத் பீட்டர்ஸைத் தேடிக் கேளுங்கள். குறைவாக வாசித்து நிறையச் சொல்கிறவர்.

விரலுக்குப் பதில் பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வாசித்தால் அது உண்மையான பேஸ் இல்லை என்கிறான் என் நண்பன். (சேலம்)

கரோல் கே என்ற அம்மையாரைப் பற்றி உங்கள் நண்பரைப் படிக்கச் சொல்லுங்கள். 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோக்களில் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளுக்கு வாசித்தவர், பிக்கால்தான் வாசித்தார்.

11 வயது மகள் பேஸ் கற்க ஆசைப்படுகிறாள். கை சின்னது. இன்னும் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லலாமா? (கொழும்பு)

வேண்டாம் அம்மா, ஆசை இருக்கும்போதே தொடங்கட்டும். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்கள் அந்த அளவுதான். குழந்தைக்கு 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் வாங்குங்கள். ஃப்ரெட்டுகள் நெருக்கமாக இருக்கும், கம்பியின் இறுக்கமும் குறைவு. "அது குழந்தைகளுக்கானது" என்று கடையில் யாராவது சொன்னால், பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான் என்று சொல்லுங்கள். (1961-ல் ஹாம்பர்கில் அவர் வாங்கிய அந்த பேஸ் 1972-ல் திருடு போய், 2024-ல்தான் திரும்பக் கிடைத்ததாகச் செய்தி வந்தது. தொலைத்தவர்கள் நம்பிக்கையோடு இருக்கலாம்.)

நாலு ஃப்ரெட்டுக்கு நாலு விரல் என்று எந்த ஆசிரியரும் ஆரம்பத்திலேயே அவளைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள். கீழ் ஃப்ரெட்டுகளில் ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்று. டபுள் பேஸ் வாசிப்பவர்களின் பழைய முறை இது. கை இழுபடாது. மணிக்கட்டு வலிக்கிறது என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். தோள் வார் அகலமாக இருக்கட்டும். கம்பி மாற்றும்போது ஷார்ட் ஸ்கேல் கம்பி என்று கேட்டு வாங்குங்கள்.

நாலு கம்பியா, ஐந்து கம்பியா? (ஈரோடு)

கச்சேரியில் சினிமாப் பாட்டு வாசிக்கிறீர்கள் என்றால் ஐந்து கம்பிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பல பாடல்கள் டி-யிலோ ஈ ஃபிளாட்டிலோ இருக்கும். கீபோர்டில் வாசித்த பேஸ் ஈ கம்பிக்குக் கீழே சாதாரணமாக இறங்கிவிடும். நாலு கம்பியில் அதை ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் அடித்தளம் ஆட்டம் காணும்.

ஆனால் விலை குறைந்த ஐந்து கம்பியில் பி கம்பி பெரும்பாலும் தொளதொள என்று இருக்கும். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். பி கம்பியில் 5-வது ஃப்ரெட்டை அழுத்தி அடியுங்கள், பிறகு திறந்த ஈ கம்பியை அடியுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரம். ஒன்று தெளிவாகவும் மற்றது மண்ணுக்குள்ளிருந்து வருவது போலவும் கேட்டால் அந்த பேஸை மாட்டிய இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். டி வரை இறங்கினால் போதும் என்பவர்கள் இருக்கிற ஈ கம்பியையே ஒரு முழு ஸ்வரம் தளர்த்திக்கொள்ளலாம். செலவே இல்லை.

பேஸ் கம்பி விலை கட்டுப்படியாகவில்லை. வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதுசாகிவிடும் என்பது உண்மையா? (சென்னை)

பாதி உண்மை. சுற்றுக் கம்பியின் இடுக்கில் சேர்ந்த பிசுக்கு போய்விடும், சில நாள் பளிச்சென்று ஒலிக்கும். நன்றாகத் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் துரு. கழற்றிக் கழற்றி மாட்டினால் டியூனரில் சுற்றும் இடத்தில் கம்பி நைந்து ஒருநாள் அறுந்துவிடும் என்பதால், இரண்டு தடவைக்கு மேல் நான் செய்யச் சொல்ல மாட்டேன். சென்னை வியர்வைக்கு அதைவிட நல்ல மருந்து, வாசித்து முடித்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பியை மேலும் கீழும் துடைப்பது.

பளிச்சென்ற ஒலி உங்களுக்குத் தேவையா என்பதையும் யோசியுங்கள். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துக்கு 1960-களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பி (வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பி) போட்டிருந்தார். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார். அந்தக் காலப் பாப் இசையை ஆட வைத்த சத்தம் அதுதான். ஃபிளாட்வவுண்ட் விலை கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் ஓடும். பழைய மெலடிகளுக்கு அற்புதமாகப் பொருந்தும். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிப்பது) அடிக்க ஆசை இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மழைக்காலம் வந்தால் கம்பி உயர்ந்துவிடுகிறது, ஏசி அறையில் வைத்தால் கரகரக்கிறது. டிரஸ் ராடைத் தொட பயமாக இருக்கிறது. (நாகர்கோவில்)

மரம் ஈரத்தைக் குடித்தால் நெக் (பேஸின் கழுத்து) முன்பக்கம் வளையும், காய்ந்தால் பின்பக்கம் போகும். அந்த வளைவைச் சரிசெய்ய நெக்குக்குள் இருக்கும் உலோகக் கம்பிதான் டிரஸ் ராட். பயப்பட வேண்டாம், பொறுமை போதும்.

முதலில் சுருதி சேருங்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டுங்கள். நெக் உடலோடு சேருமிடத்தில் இருக்கும் ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். இப்போது கம்பியே உங்கள் அளவுகோல். 7-வது, 8-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், சுமார் 0.3 மில்லிமீட்டர். கார்டு தாராளமாக ஆடினால் டிரஸ் ராடைக் கடிகார முள் திசையில் கால் சுற்று இறுக்குங்கள். கார்டு நுழையவே இல்லை என்றால் எதிர்த் திசையில் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து மறுபடி பாருங்கள். சரியான அளவு ஆலன் கீ மட்டுமே. கை முழு பலம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள்.

நெக் சரியான பிறகுதான் பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பாகம்) கம்பி உயரம், அதற்கும் பிறகுதான் இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வரச் செய்வது. பலர் நேராக பிரிட்ஜ் திருகைத் திருப்ப ஆரம்பித்துவிட்டு, பேஸ் மேல் பழி போடுவார்கள்.

கமகம் வாசிக்க ஆசை. ஃப்ரெட்லெஸ் பேஸ் வாங்கலாமா? (யாழ்ப்பாணம்)

கமகத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேஸ் இல்லை. ஃப்ரெட் உள்ள பேஸில் கம்பியை இழுத்து அரை ஸ்வரம் வரை ஏற்றலாம், அதற்கு மேல் விரல் கெஞ்சும். ஃப்ரெட்டே இல்லாத ஃப்ரெட்லெஸில் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது) தடையில்லாமல் ஓடும். விரலை ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய கோட்டின் மேலேயே வைக்க வேண்டும், பின்னால் அல்ல. ஆரம்பத்தில் கோடு போட்ட பலகையாகப் பாருங்கள். கோடு இருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. ஃப்ரெட்லெஸுக்குப் பெயர் போன ஜாக்கோ பாஸ்டோரியஸே தன் 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை நிரப்பி, அந்தக் கோடுகளோடு வாசித்தவர். சாதாரணச் சுற்றுக் கம்பி பலகையை அரித்துவிடும் என்பதால், படகுகளுக்குப் பூசும் எபாக்சியை மேலே பூசிக்கொண்டார். நீங்கள் ஃபிளாட்வவுண்ட் போட்டுக்கொண்டால் அந்த வேலை மிச்சம்.

தினமும் தம்பூரா சுருதியை ஓட விட்டு, ஒரே கம்பியில் ஸ்வரங்களை மெதுவாக நிறுத்திப் பழகுங்கள். ஆரம்பத்தில் வீட்டில் இருப்பவர்கள் கதவைச் சாத்துவார்கள். அது சகஜம்.

ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன். திறந்தவெளி மேடையில் என் பேஸ் வெறும் இடிச் சத்தமாகத்தான் கேட்கிறது. பெரிய ஆம்ப் வாங்கினால் தீருமா? (திண்டுக்கல்)

தீராது, இன்னும் பெரிய இடியாகும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கிற அடி ஒலி, மேடையில் கிக் டிரம்மோடும் தவிலோடும் முட்டிக்கொள்ளும். போதாக்குறைக்குச் சவுண்ட்காரர் சப்வூஃபரை ஏற்கெனவே தூக்கி வைத்திருப்பார். உங்கள் பேஸ் நாபைக் கொஞ்சம் குறையுங்கள். 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் மிட் (நடு ஒலி) ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், கூட்டத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் பெயர் சொல்லும். கீபோர்டுக்காரரின் இடது கையையும் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். அண்ணன் தம்பியாகப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

இது உலகப் பிரச்சினைதான். மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் 1988 ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸைத் தேடி ரசிகர்கள் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். மிக்சிங்கில் அவ்வளவு அமுக்கிவிட்டார்கள். எதிர்முனையில், அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1984-ல் ஒரு பாட்டிலிருந்து பேஸை வேண்டுமென்றே எடுத்துவிட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். எடுப்பதும் வைப்பதும் முடிவாக இருந்தால் சரி, விபத்தாக இருக்கக் கூடாது.

ஜாஸ் பேஸ் வகை வைத்திருக்கிறேன். ஒரு பிக்கப்பை மட்டும் குறைத்தால் இரைச்சல் வருகிறது. பழுதா? (புதுச்சேரி)

பழுதில்லை. இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் சம அளவில் திறந்திருந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் மேடையின் சீரியல் பல்பும் டிம்மரும் உங்களோடு சேர்ந்து பாட ஆரம்பிக்கும். இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்து, டோன் நாபில் வேலையைப் பாருங்கள்.

என்னுடையது ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது), 9 வோல்ட் பேட்டரி. மாதம் ஒன்று தீர்கிறது. (தஞ்சாவூர்)

வாசித்து முடித்ததும் கேபிளை பேஸிலேயே விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிளைச் சொருகுவதுதான் சுவிட்ச். ஆம்பை அணைத்தாலும் பேட்டரி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேபிளைக் கழற்றி வையுங்கள். கச்சேரி நாளில் பெட்டியில் ஒரு புது பேட்டரியும், மூடியைத் திறக்க ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் இருக்கட்டும்.