போன வருடம் நம்ம பையன், இந்த வருடம் எதிரணி
வாசகர் கேள்வி - பதில்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சிறப்புப் பகுதி

கேள்வி: இருபது வருடமாக வட கரோலினாவில் இருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் பைத்தியம். முன்பெல்லாம் எங்கள் அணியில் யார் எந்த ஊர், எந்த வருடம் சேர்ந்தார், எந்த மூலையிலிருந்து போட்டால் பந்து விழும் என்பதெல்லாம் அத்துப்படி. இப்போது நவம்பரில் சீசன் தொடங்கும்போது பாதி முகம் தெரியவில்லை. எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டதா, விளையாட்டே மாறிவிட்டதா?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. முன்பு ஒரு வீரர் கல்லூரி மாறினால் புது இடத்தில் ஒரு முழு சீசன் ஆடாமல் உட்கார வேண்டும், அந்தப் பயத்திலேயே பலரும் சேர்ந்த இடத்தில் இருந்துவிடுவார்கள். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. அது ஒரு பதிவேடுதான், ஆனால் அதில் தன் பெயரைப் போடச் சொல்லிவிட்டால் மற்ற கல்லூரி கோச்கள் நேரடியாகப் பேசலாம், பழைய கோச்சிடம் போய் அனுமதிக்குக் கெஞ்ச வேண்டியதில்லை. 2021 ஏப்ரலில், முதல் தடவை மாறுகிறவர் உட்கார வேண்டாம் என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ விதியைத் தளர்த்தியது. அதே வருடம் ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றார்கள், அதைத்தான் என்ஐஎல் என்கிறோம். போகிற சுதந்திரமும் போனால் கிடைக்கிற காசும் மூன்றே மாத இடைவெளியில் கைக்கு வந்தன, நீங்கள் பார்க்கிற மாற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜினியாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி, மறுபடி மாறுகிறவர் உட்கார வேண்டும் என்று மிச்சமிருந்த கட்டுப்பாட்டுக்கும் தடை போட, 2024 ஏப்ரலில் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது.

2025-ல் மட்டும் முதல் டிவிஷன் என்கிற உச்சப் பிரிவின் ஆண்கள் கூடைப்பந்தில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். அந்த டிவிஷனில் இருப்பவை 360-க்குக் கொஞ்சம் மேலே கல்லூரிகள். வகுத்துப் பாருங்கள், ஒரு கல்லூரிக்குச் சராசரியாக ஐந்து பேருக்கு மேல் வருகிறது. களத்தில் ஒரு நேரத்தில் நிற்பதே ஐந்து பேர்தான். உங்களுக்கு எப்படி முகம் தெரியும்?

கேள்வி: இலவசப் படிப்பு, தங்க இடம், சாப்பாடு எல்லாம் கிடைக்கிறது. அதற்கு மேல் லட்சக்கணக்கில் டாலர் கேட்பது பேராசை இல்லையா? என் கணவர் அப்படித்தான் சொல்கிறார்.

பதில்: இதில் நான் உங்கள் கணவரோடு உடன்படவில்லை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2010-ல், கல்லூரி அணிகள் கோப்பைக்காக மோதும் மார்ச் மாதப் போட்டியை ஒளிபரப்ப சிபிஎஸ், டர்னர் என்ற டிவி நிறுவனங்கள் இரண்டும் 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டன. 2016-ல் அதையே 2032 வரை நீட்டி இன்னும் 880 கோடி. இந்தப் பணம் யாருடைய வியர்வைக்கு வருகிறது? மக்கள் டிவியைப் போடுவது ஆடுகிற பையன்களைப் பார்க்க. 2014-ல் கனெக்டிகட் அணி சாம்பியன் ஆனபோது அதன் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகளில் பசியோடுதான் படுக்கப் போகிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான், அதே மாதத்தில், சாப்பாட்டுக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை என்சிஏஏ எடுத்தது. கோச்சுக்குக் கோடிகளில் சம்பளம், சாம்பியன் பையனுக்கு ராத்திரி பசி. அதைத்தான் அப்போது விளையாட்டின் தூய்மை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எட் ஓ'பானன் கதையும் இருக்கிறது. 1995-ல் கோப்பையை வென்ற யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் நாயகன். பல வருடம் கழித்து நண்பர் வீட்டில் ஒரு பையன் வீடியோ கேம் ஆடுகிறான், திரையில் ஓடுவது இவர்: மொட்டைத் தலை, இடது கை ஆட்டம், 31-ஆம் எண் ஜெர்சி. விற்ற காசில் ஒரு சென்ட்கூட இவருக்கு வரவில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். அந்த வழக்கு திறந்த வழியில்தான் மற்றவை வந்தன. 2021 ஜூனில், வீரர்களுக்குப் படிப்பு தொடர்பாகக் கிடைக்கும் சலுகைகளுக்கு வரம்பு வைக்கலாமா என்ற ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2025 ஜூன் 6-ல், வீரர்கள் தங்கள் பங்கைக் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார், ஓ'பானன் வழக்கை விசாரித்தவரும் இவர்தான். முன்னாள் வீரர்களுக்குப் பத்து வருடத்தில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. 2025-26-லிருந்து ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை.

ஒரு கணுக்கால் பிசகினால் முடிந்துபோகிற வேலை இது. இதில் பெரும்பாலானவர்கள் தொழில்முறை லீகான என்பிஏ பக்கமே போகப் போவதில்லை, பத்தொன்பது இருபது வயதில் வாழ்நாளிலேயே அதிகமாகச் சம்பாதிக்கக்கூடிய இரண்டு மூன்று வருடம் அவர்களுக்கு இதுதான். அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுக்க முடியும் என்றால் பையன் கல்லூரி மாறத்தான் செய்வான், உங்கள் மகனாக இருந்தால் நீங்களே அனுப்பி வைப்பீர்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் கல்லூரியில் இரண்டு வருடம் ஆடியவர் இப்போது எங்கள் பரம எதிரிக் கல்லூரியில். அடுத்த மாதம் இங்கே ஆட வருகிறார். மாணவர் வரிசையில் எல்லோரும் அவரை ஓட ஓட விரட்டத் திட்டம் போடுகிறார்கள். நானும் சேரட்டுமா?

பதில்: ஊளையிடுவது வீட்டு ஆட்டத்தின் பாகம், அவர் கையில் பந்து வரும்போது கத்து தம்பி. அவர் குடும்பத்தை இழுப்பது, சில்லறையை வீசுவது, போனில் மிரட்டல் அனுப்புவது இதெல்லாம் கூடவே கூடாது. அறிமுகத்தின்போது ஒரு பத்து விநாடி கைதட்டு. இரண்டு வருடம் உனக்குச் சந்தோஷம் கொடுத்தவர்தானே.

கேள்வி: மார்ச் போட்டியில் சின்னக் கல்லூரிகள் பெரிய தலைகளைச் சாய்ப்பதைப் பார்க்கத்தான் நான் டிவி முன்னால் உட்காருவேன். 2025-ல் அப்படி எதுவுமே நிலைக்கவில்லையே. அந்தக் காலம் முடிந்ததா?

பதில்: எனக்கு இந்த மாற்றத்தில் நிஜமாகவே வலிக்கிற இடம் இதுதான்.

மார்ச் போட்டியில் நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை சீட் என்று தரவரிசை போடுவார்கள், 1-தான் பலமானது. 2022-ல் நியூ ஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ், 15-ஆம் சீட், கென்டக்கியைச் சாய்த்து, மர்ரே ஸ்டேட்டைச் சாய்த்து, பர்டூவையும் சாய்த்து கடைசி எட்டு வரை போனது, 15-ஆம் சீட் அணி அதுவரை அங்கே போனதே இல்லை. அந்த இரண்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. போட்டி முடிந்ததும் கோச் ஷஹீன் ஹாலவே தான் படித்த சீட்டன் ஹாலுக்குப் போனார், முக்கிய வீரர்கள் பலரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அந்தப் பெயரை உலகமே கற்றுக்கொண்ட வசந்தத்திலேயே அந்த அணி இல்லாமல் போயிற்று.

அடுத்த வருடம் நடந்ததைச் சங்கிலியாகப் பாருங்கள். 2023 மார்ச் 17-ல் 16-ஆம் சீட் ஃபேர்லி டிக்கின்சன், முதல் சீட் பர்டூவை 63-58 என்று வீழ்த்தியது. ஒரு வாரத்துக்குள் அதன் கோச் டோபின் ஆண்டர்சன் அயோனா கல்லூரிக்குப் போய்விட்டார், ஏனென்றால் அயோனாவின் ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போயிருந்தார். அதே சமயம் அயோனாவின் வால்டர் கிளேட்டன் ஃபுளோரிடாவுக்கு மாறினார். ஃபேர்லி டிக்கின்சனை அடுத்த சுற்றில் தோற்கடித்த ஃபுளோரிடா அட்லாண்டிக் கடைசி நான்கு வரை போனது, ஒரு வருடம் கழித்து அதன் கோச் டஸ்டி மே மிச்சிகனுக்குப் போக, வீரர் அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடாவுக்கு வந்தார். பெல்மான்ட் கல்லூரியிலிருந்து வில் ரிச்சர்ட் ஏற்கெனவே அங்கே இருந்தார். இந்த மூன்று பேரும் சேர்ந்து ஆடிய ஃபுளோரிடாதான் 2025 ஏப்ரல் 7-ல் ஹூஸ்டனை 65-63 என்று வென்று சாம்பியன் ஆனது. கடைசி நொடிகளில் ஹூஸ்டன் வீரரைப் பந்தைப் போட விடாமல் பாய்ந்து தடுத்தவர் அந்த அயோனா கிளேட்டன்.

அதாவது, சின்னக் கல்லூரியின் கெட்டிக்காரப் பையன் எங்கும் மறைந்துவிடவில்லை, பெரிய கல்லூரிச் சட்டையில் இருக்கிறான். ஆபர்னைக் கடைசி நான்குக்குக் கொண்டுபோன ஜோனி ப்ரூமும் மோர்ஹெட் ஸ்டேட்டில் தொடங்கியவர்தான். அந்த வருடம் கடைசி நான்கும் முதல் சீட் அணிகளே, அதற்கு முன் 2008-ல் ஒரே ஒருமுறைதான் அப்படி நடந்திருந்தது. கடைசி பதினாறில் வந்த அணிகள் மொத்தமும் நான்கே நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களை, அதாவது கல்லூரிக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை, அதில் தென்கிழக்குக் கல்லூரிகளின் எஸ்இசி-யிலிருந்து மட்டும் ஏழு. கிளேட்டனுக்காக நான் மனதாரச் சந்தோஷப்படுகிறேன், அதே மனதோடு அயோனா ரசிகருக்காக வருத்தமும் படுகிறேன். ஒரு நாள், ஒரு ஆட்டம் என்று ஆச்சரியங்கள் இனியும் வரும். தோளோடு தோள் நின்று நான்கு வருடம் பழுத்த ஒரு சின்ன அணி, முதலாண்டுப் பையன்களை நம்பி வந்த பெரிய அணியைப் பக்குவத்தால் வெல்வது இருக்கிறதே, அது கஷ்டமாகிவிட்டது.

கேள்வி: என் பழைய கல்லூரியிலிருந்து மாதா மாதம் மெயில் வருகிறது, நல்ல வீரர்களைத் தக்கவைக்க ரசிகர்கள் பணம் போட வேண்டுமாம். டிக்கெட்டும் ஏறிவிட்டது. கொடுக்காவிட்டால் நான் நல்ல ரசிகன் இல்லையா?

பதில்: கொடுக்காதீர்கள். கையில் தாராளமாக இருந்து மனமும் வந்தால் கொடுங்கள், குற்ற உணர்ச்சியில் வேண்டாம். 2022-ல் மயாமி பல்கலைக்கழகம் நிஜெல் பேக் என்ற வீரரைக் கன்சஸ் ஸ்டேட்டிலிருந்து இழுத்தபோது அவருக்கு இரண்டு வருடத்துக்கு 8 லட்சம் டாலரும் ஒரு காரும் என்று வெளிப்படையாகவே அறிவித்தவர் ஒரு பணக்கார ஆதரவாளர். அந்த ஏலத்தில் உங்கள் ஐம்பது டாலர் எதையும் மாற்றப் போவதில்லை. டென்னசி பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்து சீசன் டிக்கெட்டில் வீரர்களுக்கான கட்டணம் என்று 10 சதவீதம் ஏற்றப் போவதாக 2024-ல் அறிவித்தது, மற்றவர்களுக்கும் அந்த ஆசை இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பணம் போட்ட ரசிகர் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது. இருபது வயதுப் பையன் ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டால் முன்பு ஐயோ பாவம் என்றவர், இப்போது நான் கொடுத்த காசு என்கிறார். அந்த மனநிலையோடு அரங்கத்தில் உட்கார்ந்து எதை ரசிப்பது?

கேள்வி: நீங்கள் விதி எழுதினால் என்ன எழுதுவீர்கள்?

பதில்: இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம். வீரருக்குப் பணம் உறுதி, அடிபட்டாலும் உறுதி, பதிலுக்கு அவர் அங்கேயே இருக்க வேண்டும். கோச்சுக்கும் அதே கண்டிப்பு. போட்டி நடக்கும்போது போர்ட்டலைத் திறக்கவும் விடமாட்டேன். 2025-ல் அது மார்ச் 24-ல் திறந்தது, போட்டியின் முதல் வாரம் முடிந்த மறுநாள், பதினாறு அணிகள் இன்னும் கோப்பைக்கு ஆடிக்கொண்டிருக்கும்போது. வர்ஜினியாவுக்கு 2019-ல் கோப்பை வாங்கித் தந்த டோனி பென்னட், 2024 அக்டோபரில் சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, இந்தச் சூழலுக்கு ஏற்ற கோச் நான் இல்லை என்று விலகினார். அவரைக் கோழை என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, பையன்களை மெதுவாக வளர்க்கத் தெரிந்த ஒருவருக்கு அவர்களை வளர்க்க நேரமே கிடைக்காமல் போயிற்று.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, இப்போதுதான் கூடைப்பந்து பிடித்திருக்கிறது. பிடித்த வீரர் அடுத்த வருடம் போய்விட்டால் அழுவாளே. எந்த அணியைக் காட்டட்டும்?

பதில்: பெண்கள் ஆட்டத்தையும் காட்டுங்கள். கெய்ட்லின் கிளார்க் அயோவாவில் பிறந்து, அயோவா பல்கலைக்கழகத்திலேயே நான்கு வருடம் ஆடினார், விளம்பரத்திலும் நன்றாகச் சம்பாதித்தார். 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள், ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம். வருடக்கணக்கில் பழகிய முகத்தைக் கடைசி ஆட்டத்தில் பார்க்க அத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆண்களில் பர்டூ. 16-ஆம் சீட்டிடம் தோற்று நாடே சிரித்தபோது அதன் நட்சத்திர வீரர் சாக் ஈடி ஓடிவிடவில்லை, மறு வருடம் அதே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2022-ல் முதலாண்டு மாணவர்களாகச் சேர்ந்த பிரேடன் ஸ்மித்தும் ஃப்ளெட்சர் லாயரும் 2025-26-லும் அங்கேதான் ஆடினார்கள். சரி, எந்தக் கல்லூரியாக இருந்தாலும், சீசனின் கடைசி வீட்டு ஆட்டத்துக்கு மகளை அழைத்துப் போங்கள், அரை மணி நேரம் முன்னதாகவே. கடைசி வருட வீரர்கள் அப்பா அம்மாவோடு களத்தின் நடுவுக்கு நடந்து வருவார்கள், கையில் பூங்கொத்து இருக்கும். அவர்களில் யார் முதலாண்டிலிருந்தே அங்கே இருந்தவர் என்று பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.